எல்லை கடந்து வந்த குரல்

பொள்ளாச்சியினின்று மேற்கே பாலக்காட்டுச் சாலையில் வருவோர் கோபாலபுரத்துச் சோதனைச் சாவடியைக் கண்டதும் மாநிலம் மாறிவிட்டதை அறிவர். பேச்சைக் கேட்டு அறிய இயலாது. சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் தமிழே ஒலிக்கின்றது. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது சித்தூர் வட்டமும், தெற்கே மலைமேலுள்ள தேவிகுளம், பீருமேடு வட்டங்களும் அதன் பகுதிகளாயின. அங்கு வாழ்ந்த நம்மவர் பலர்க்குப் பெண் எடுத்த ஊரும் பெண் கொடுத்த ஊரும் எல்லைக்கு அப்பால் நின்றன. ஆகவே செய்தி வரும் வழியே நமக்கு உறவின் வழியாகவும் இருந்து வந்தது. அவ்வழி மாறிய வரலாற்றை இவ்வாண்டு மலரில் சிறிது நோக்குவோம்.

முதலில் இருந்தது கடிதம். வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்த நம் முன்னோருள் எழுத்தறிந்தோர் சிலரே. ஆதலின் ஒருவருக்கு எழுதிய கடிதம் பலர் கேட்கவே படிக்கப்பட்டது. தபால்காரரோ, பள்ளி செல்லும் சிறுவனோ உரக்கப் படிப்பார். வீட்டார் சுற்றி அமர்ந்திருப்பர். மாமியாரைப் பற்றிய மனக்குறையை மாமியாரின் முன்னிலையிலேயே படிக்க நேர்ந்த இக்கட்டும் உண்டு! சொல்ல வேண்டியதைச் சொல்லாமற் சொல்லும் திறத்தை நம் பெண்டிர் அக்கடிதங்களிலேயே பழகினர். தந்தியைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. உறையைப் பிரிக்குமுன்னரே அழுகுரல் எழும். 2013 ஜூலையில் அப்பணி நாடெங்கும் நிறுத்தப்பட்டபோது நம் வீடுகளில் அதற்காக வருந்தியவர் அரியர்.

அடுத்து வந்தது வானொலி. சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் தொடங்கின. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டியே சென்று தேய்ந்துவிடும். இரவிலோ வானின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்திற் பட்டு மீண்டு நெடுந்தொலைவை எட்டும். அதனாற்றான் பொழுது சாய்ந்த பின்னரே திருச்சி நம் பக்கத்தில் தெளிவாகக் கேட்டது. இலங்கை வானொலியின் திரைப்பாடல்களுக்காகக் குமிழைத் திருகித் திருகிக் காத்திருந்த இளைஞர் எத்துணையோ பேர். பெட்டி வைத்திருப்போர் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. எனவே தெருவில் ஓரிரு வீடுகளிலேயே பெட்டி இருந்தது. அவ்வீட்டுத் திண்ணை மாலையில் ஊர்ப் பொதுவாயிற்று.

1956இல் திருச்சூர் நிலையமும், 1966 டிசம்பரில் கோவை நிலையமும் ஒலிபரப்பத் தொடங்கின. பின்னர் நம் வீடுகளில் இரு மொழியும் ஒரே பெட்டியினின்று வந்தன. தில்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி வாசித்த தமிழ்ச் செய்திக்கு நாம் காத்திருப்போம். அண்டை வீட்டு மலையாளத்தார் தமிழ்ப் பாட்டுக்கு வருவர். மலையாளச் செய்திக்கு நாம் அவர்களுடன் அமர்ந்திருப்போம். அவர்தம் மொழி நமக்குப் பிடிபட்டது பள்ளியினும் மிகுதியாக அத்திண்ணையிலேதான் என்று துணிந்து கூறலாம். வானொலி பாட்டு மட்டும் தந்ததன்று. தஞ்சை உழவர் 1960களில் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்லை வானொலி வழியாக அறிந்தமையால் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். பிற்றை நாளில் டிரான்சிஸ்டர் மலிந்தது. திண்ணையும் மெல்லக் காலியாயிற்று.

தொலைக்காட்சியைப் பற்றி நீள உரைப்பதற்கில்லை. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கிய அது, மலை மறைப்பினால் நம் பகுதிகளுக்குத் தாமதமாகவே வந்தது. 1993இல் சன் தொலைக்காட்சி பிறந்து, கேபிளும் வந்த பின்னர் தமிழ் நாள் முழுதும் வீட்டினுள் ஒலித்தது. அண்டை வீட்டார் வருகை அருகியது.

தொலைபேசியின் கதை வேறு. வானொலி எல்லையை அறியாது. கைபேசியோ அதனை நன்கறிந்திருந்தது. கேரளமும் தமிழ்நாடும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். கோபாலபுரத்தில் வீட்டு முற்றத்தில் நின்றாலும், அப்பக்கத்துக் கோபுரத்தின் அலை பற்றிக்கொண்டால் வெளி வட்டத்துக் கட்டணம் விழும். நாமும் அழைப்பைக் கண்டு, எடாமல், அடுப்படிப் பக்கம் ஓடி நம் கோபுரத்தைத் தேடியதுண்டு. அத்தையோ மறுமுனையில், “ஏன் எடுக்கலை, கோபமா?” என்று வருந்தியிருப்பார். வெளி வட்டத்தில் வரும் அழைப்புக்குக் கட்டணமில்லை என்று பி.எஸ்.என்.எல். 2015 ஜூனில் அறிவித்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அவ்வோட்டம் நின்றது.

இன்று பொள்ளாச்சியின் குரல் நொடியில் வருகின்றது, முகமும் தெரிகின்றது. தமிழ் கேட்பதற்கு ஒரு குறையுமில்லை. குறை எழுத்தில் உள்ளது. இங்குத் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டெனினும் நம் பிள்ளைகளுட் பலர் மலையாளமோ ஆங்கிலமோ பயில்கின்றனர். கடிதம் இருந்தவரை, பாட்டிக்கு நாலு வரி எழுதவேனும் தமிழ் எழுத்து வேண்டியிருந்தது. இப்போது பேசி அனுப்பினாற் போதும். பேச்சு தடையின்றி ஓடுகின்றது, எழுத்து தேவையற்றதாகின்றது. கைபேசியை வெறுப்பதற்காக இதனைக் கூறவில்லை. அதனால் அத்தையை நாள்தோறும் காண்கின்றோம்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே நீலநிற உள்நாட்டுக் கடிதங்கள். பாட்டியார் தம் மகளுக்கு எழுதுவித்தவை. பேரன் ஆவலுடன் எடுத்துப் பார்த்தான், படிக்க அறியான். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நம்மிடம் கொடுக்கும் பொறுமையும் அவனுக்கில்லை. கைபேசியிற் படமெடுத்துப் பொள்ளாச்சிக்கு அனுப்பினான். சற்று நேரத்தில் அத்தையின் குரல் வந்தது; கடிதத்தை முதலிலிருந்து உரக்கப் படித்திருந்தார். வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து கேட்டோம்.