களைதலும் புனைதலும்: தோற்புற்றுச் சத்திரசிகிச்சையின் வரலாறு

நோய் உடலை வருத்துவதோடு அமைவதன்று. முகத்தையும் மேனியையும் சிதைக்கும் நோய் மனிதனை அவனுடைய சுற்றத்தினின்றும் பிரித்துவிடுகின்றது. இவ்வுண்மைக்குச் சான்றாக மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு அமைந்துள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தீவிலே தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை நிறுவப்பட்டது. ஒல்லாந்தர் 1708இல் கொழும்பையடுத்த ஹெந்தளையில் அமைத்த தொழுநோய் வைத்தியசாலையின் வழியில் வந்தது இது. நோயாளரைப் பிரித்து வைத்தற்கு 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இடமளித்தது. நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து கிடையாத அக்காலத்திலே, வாவியின் நீரே வேலியாயிற்று.

தொழுநோய் கிருமியால் விளைவது, புற்றுநோயன்று. எனினும் இரண்டிற்குமிடையே ஒரு தொடர்புண்டு. தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதத்திலே காயம் பட்டாலும் நோவு தெரியாது. ஆகவே புண் பல்லாண்டு ஆறாமல் நிலைத்துவிடும். அத்தகைய நாட்பட்ட புண்ணிலும், பழைய தீக்காய வடுவிலும் தோற்புற்று முளைத்தல் கூடும். இவ்வகை மாற்றம், 1828இல் வடுப்புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வைத்தியர் மார்ஜொலினின் பெயரால் இன்று வழங்குகின்றது. வெண்ணிறத்தார்க்குத் தோற்புற்று பெரும்பாலும் வெயிலால் வருவது. நம்மவர்க்குத் தோலின் கருநிறம் ஓரளவு காவலாகும். ஆயினும் ஆறாப் புண்ணுக்கு அக்காவல் உதவாது.

தோற்புற்றை எதிர்கொள்ளும் சத்திரவைத்தியர்முன் இரு வினாக்கள் நிற்கின்றன. தீயதை மிச்சமின்றிக் களைவது எங்ஙனம்? களைந்த இடத்தை மீளப் புனைவது எங்ஙனம்? இவற்றுள் இரண்டாம் வினாவிற்கே வரலாறு முதலில் விடை கண்டது என்பது வியப்பிற்குரியது.

இலையொன்றை மூக்கின் அளவாக நறுக்கி, அவ்வளவிற்குத் தோலை எடுத்து மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. இக்கலை பிற்காலத்தில் நூலறியாத தொழிலாளரிடத்தும் பரம்பரையாக நிலைத்திருந்தது. ஆங்கிலப் படையில் எருது ஓட்டிய காவஸ்ஜி என்பவர், 1792இல் முடிந்த மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி, மூக்கும் ஒரு கையும் இழந்தார். பூனாவையடுத்துச் செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கமைத்தார். மெழுகால் மூக்கின் உருச் செய்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து எல்லை வரைந்தார். பின்னர் அத்தோலை உரித்துக் கீழே திருப்பிப் பொருத்தினார். புருவங்களுக்கிடையே ஒரு சிறு துண்டுத் தோலை அறுக்காது விட்டதே இதன் நுட்பம். அதன் வழியே குருதி ஓடியமையால் திருப்பிய தோல் உயிரோடிருந்தது. இச்செய்தி 1794இல் இலண்டனின் ஜென்டில்மன்ஸ் மகசீன் இதழில் வெளிவந்தது. அதனைக் கற்று, 1814இல் இலண்டனில் இம்முறையைக் கையாண்ட ஜோசப் கார்ப்பியூ 1816இல் நூலும் எழுதினார்.

இவ்வாறு மேற்கே சென்ற கலை அங்கு வளர்ந்த சத்திரவியலோடு கலந்தது. அச்சத்திரவியல் நம் மொழியிலும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1867இல் ‘இரணவைத்தியம்’ என்னும் நூலை வெளியிட்டார். சத்திரவியலைத் தமிழில் எடுத்துரைத்தல் இயலும் என்பதற்கு அந்நூலே சான்று.

இனி, முதலாம் வினாவை நோக்குவாம். வெட்டியெடுத்த புற்றை வழக்கமான முறையில் ஆராய்பவர், ரொட்டியை அரிவதுபோல் இடையிட்டு அரிந்து சில துண்டுகளையே பார்ப்பர். விளிம்பின் பெரும்பகுதி கண்ணிற்படாமற் போய்விடும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் மோஸ் இக்குறையைத் தீர்த்தார். அவர் 1936இல் நோயாளரிடம் தம் முறையைக் கையாளத் தொடங்கி, 1941இல் அதனை வெளியிட்டார். புற்றிருந்த இடத்தைத் தட்டுப்போல் மெல்லிய படையாக எடுத்து, சாயமிட்டு, படம் வரைந்து, அடியும் விளிம்பும் முழுவதையும் நுணுக்குக்காட்டியாற் பார்ப்பதே அம்முறை. எங்கே புற்று எஞ்சியுள்ளதோ அவ்விடத்தில் மாத்திரம் மீண்டும் ஒரு படை எடுக்கப்படும். ஆதலின் நோய் ஒழிகின்றது. நல்ல தோலும் வீணாவதில்லை. தொடக்கத்தில் அவர் துத்தநாகக் குளோரைட்டுப் பசை பூசித் தசையை இறுகச் செய்தார். அது நோவும் தாமதமும் தந்தது. 1953இல் இமைப் புற்றொன்றில் பசையின்றியே படையெடுத்தார். 1970களில் பசையற்ற முறையே பரவலாயிற்று.

மூக்கிலே தோன்றும் புற்றை மோஸ் முறையால் அகற்றியபின், பெரும் பள்ளமாயின் அதனை மூடுதற்கு இன்றும் கைக்கொள்ளப்படுவது நெற்றித் தோலே. பூனாவில் அந்தத் தொழிலாளர் செய்த வேலையின் திருந்திய வடிவம் அது. ஆனால் ஒழுங்கு மாறலாகாது. புற்று எஞ்சியிருக்க மேலே தோல் போர்த்தினால், பகை உள்ளே மறைந்து வளரும். எனவே முற்றக் களைந்தபின்னரே புனைதல் முறையாகும்.

தொழுநோயாளர்க்கும் இப்புனைகலை புதுவாழ்வு அளித்தது. கொல்லிமலையிற் பிறந்த போல் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1948 முதல் தசைநாண்களை இடமாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். இழந்த புருவங்களையும் அமைத்தார். நோயாளர் தொழில் செய்யத் தலைப்பட்டனர். 1983 முதல் இலங்கையிற் கூட்டு மருந்துச் சிகிச்சை வழங்கப்பட்டமையால் தொழுநோய் முற்றாகத் தீரும் நோயாயிற்று. வாவியின் நீரை வேலியாக்கவேண்டிய தேவையும் ஒழிந்தது.

ஆயினும் உள்ளத்தின் வேலி எளிதில் நீங்குவதன்று. முகம் கெடுமென்ற அச்சத்தாலும், பிறர் என் சொல்வரோ என்ற நாணத்தாலும் புண்ணை மறைப்பாரும், ஆறாப் புண்ணுக்கு ஆண்டுக்கணக்கிற் களிம்பு தடவிக் காலங்கழிப்பாரும் இன்றும் உளர். சிறியதாயிருக்கையிற் களைந்தால் சிறு தையலோடு முடியும் புற்று, காலந்தாழ்த்தினால் காலையும் உயிரையும் கேட்கும். சில வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணையோ, பழைய வடுவில் எழும் தடிப்பையோ வைத்தியரிடம் காட்டுமாறு தம் வீட்டாரை வற்புறுத்துதல் கற்ற மாணவர் கடனாகும்.