இரண்டு வாரப் பல்

ரூட் கேனல் முடித்து, பல்லைச் செதுக்கி அளவெடுத்த பிறகு, லேபிலிருந்து அசல் கேப் வரும்வரை ஒரு தற்காலிக கேப்பை ஒட்டி அனுப்புவார்கள். அதற்கு ஆயுள் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். பூர்வீகமோ பழையது. ஜெர்மனியின் ஓட்டோ ரோம் 1933-ல் ‘பிளெக்ஸிகிளாஸ்’ என்று பெயர் பதிந்த அக்ரிலிக்கின் வம்சம் அது. போர் விமானங்களின் கண்ணாடியாகப் பறந்த அந்தப் பொருள், 1930-களின் இறுதிக்குள் பல்செட்டின் செயற்கை ஈறாகவும் வாய்க்குள் வந்துவிட்டது.

கிளினிக் அலமாரியில் அது ஒரு புட்டித் தூளாகவும், மூக்கைத் துளைக்கும் ஒரு புட்டித் திரவமாகவும் இருக்கிறது. இரண்டையும் குழைத்தால் முதலில் நூல் நூலாக இழுபடும், பிறகு மாவுப் பதம் வரும். அதை அச்சில் நிரப்பிப் பல்லின்மேல் வைத்தால் சூடேறி இறுகும். கையால் குழைக்கும்போது புகுந்த காற்று, குமிழ்களாக உள்ளேயே தங்கிவிடும். இன்று பலர் பயன்படுத்தும் பிஸ்-அக்ரில் என்ற பிசின் குழலிலிருந்து தானே கலந்து வருவதால் குமிழ் குறைவு. அதற்கு வேறொரு தொல்லை உண்டு. காற்று படும் மேற்பரப்பு முழுதாக இறுகாமல் பிசுபிசுவென்று இருக்கும். அதை ஸ்பிரிட்டால் துடைத்தோ தேய்த்தோ எடுக்காவிட்டால் வருகிற சாயத்தையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்துத்தான் கேப்பின் தலையெழுத்து தீர்மானமாகிறது. ஓரத்தை ‘பர்’ என்ற சுழலும் கருவியால் சீவியதும் மேற்பரப்பு முழுக்கக் கீறல். இனி மொசைக் தரைக்குக் கல் போடுகிற அதே கணக்கு: முரடில் தொடங்கி மிருதுவில் முடிக்க வேண்டும், நடுவில் ஒரு படியையும் தாண்டக் கூடாது. நுரைக்கல் தூளை நீரில் குழைத்து, சுழலும் துணிச் சக்கரத்தில் கேப்பைப் பிடிப்பார்கள். நீர் வற்றினால் சூட்டில் அக்ரிலிக் இளகி இழுபடும். கடைசியில் மெருகுப் பசை. அளவு மீறினாலும் ஆபத்துதான்: ஓரம் தேய்ந்து கேப் பல்லோடு பொருந்தாமல் போகும், புதைந்திருந்த குமிழ்கள் குழிகளாக வாய் திறக்கும்.

எவ்வளவு வழவழப்பு போதும்? பெல்ஜிய ஆய்வாளர்கள் 1997-ல் ஒரு வரம்பு சொன்னார்கள். மேற்பரப்பின் சராசரிக் கரடு 0.2 மைக்ரோமீட்டருக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கு, மேல் போனால் பாக்டீரியாப் படலம் கூடுதலாகச் சேரும். அதற்குக் கீழே எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் படலம் மேலும் குறையாது.

இனி சாப்பாடு. தேநீரின் சாயம் பெரும்பாலும் மேலே படிவது, பிரஷ் போட்டால் ஓரளவு போய்விடும். காபியின் மஞ்சள் சாயம் பொருளுக்குள்ளேயே ஊடுருவும். நம் சாம்பாரின் மஞ்சளோ இரண்டையும் மிஞ்சிய கில்லாடி; அதன் நிறப்பொருளான குர்குமின் எண்ணெயில் கரைவது, பிசின் வகைப் பொருள்களில் எளிதாக ஏறும். கீறலும் குழியும் இருந்தால் சாயம் தங்க இடம் தாராளம். நிறமாற்றத்தைக் கருவியால் அளந்து எண்ணாகச் சொல்வார்கள், 3.3-ஐத் தாண்டினால் பார்க்கச் சகிக்காது என்று பல ஆய்வுகள் வைத்துக்கொள்கின்றன. மெருகு போட்டால் கறை தாமதப்படும், குறையும். பொருளின் உள்ளே இறங்குவதை அது முழுதும் தடுக்காது. பளபளப்புக்கு கிளேஸ் பூசுவதும் உண்டு, அது நாளடைவில் தேய்ந்துவிடும்.

கறையைக்கூட மறைத்துச் சிரிக்கலாம். கரடான ஓரம் ஈறை வீங்கவைத்தால், அசல் கேப் ஒட்டுகிற நாளில் ரத்தம் கசிந்து வேலையே கெடும். ‘டெம்பரரிதானே’ என்று மெருகை விட்டுவிடுவது அதனால்தான் தவறான சிக்கனம்.

அசல் கேப் வந்ததும் இந்தத் தற்காலிக கேப் கழற்றப்பட்டுக் குப்பைக்குப் போகிறது. அதற்கு முன், ஒட்டிய அன்றே, நாற்காலியை விட்டு எழும்முன் நாக்கால் ஒருமுறை தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் ‘இன்னும் கொஞ்சம் பாலிஷ் போடுங்கள் டாக்டர்’ என்று கேளுங்கள்.