பொன்னை 'பறி'ன்னு சொன்னவங்க

குற்றாலக் குறவஞ்சியில சிங்கியோட காலில் கிடக்கிற சிலம்பைப் பார்த்து, விரியன் பாம்பான்னு கேட்பான் சிங்கன். திரிகூடராசப்பக் கவிராயர் அங்க பொருளை வேற பேர்ல சொல்ல வைச்சது நாம சிரிக்க. அதையே மறைக்கிறதுக்காகச் செஞ்சவங்களும் இருக்காங்க.

கிழக்கு லண்டன் காக்னி மக்கள் 'லுக்'குக்கு 'புட்சர்ஸ் ஹுக்'னு ஒலி ஒத்துப்போற சொல்லைப் பிடிப்பாங்க. அப்புறம் அந்த 'ஹுக்'கையும் விட்டுட்டு வெறும் 'புட்சர்ஸ்' என்பாங்க. வெளியாளுக்கு நூல் கிடைக்காது. ஆனாலும் 1859-லயே ஜான் கேம்டன் ஹாட்டன் இந்தப் பேச்சைத் தன் கொச்சை அகராதியில ஏத்திட்டார்.

நம்ம இலக்கணம் அதுக்கும் முந்தி. 13-ஆம் நூற்றாண்டு நன்னூல்ல பவணந்தி முனிவர் 'குழூஉக்குறி'ன்னு தனி வகையே வைச்சிருக்கார். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள்ள மட்டும் பேசுற சொல். வேடர்கள் கள்ளை 'சொல்விளம்பி' என்பாங்களாம். குடிச்சவன் உள்ளதெல்லாம் உளறுவான்ல, அதான்! யானைப்பாகருக்கு ஆடை 'காரை'. இங்க எதுகை, இயைபு விளையாட்டு எதுவும் இல்லை.

பொற்கொல்லர்கள் பொன்னை 'பறி' என்பாங்க. எனக்கு உறுத்துறது இதுதான். திருடன் காதுல விழக்கூடாதுன்னு வைச்சிருக்கலாம், நியாயம். ஆனா பொன்னைக் கொடுத்தவர் எதிர்லயே உட்கார்ந்திருக்கார். பேச்சு அவர் பொருளைப் பத்தி, புரியாததும் அவருக்குத்தான்.

மாட்டுச் சந்தைத் தரகர்கள் இன்னும் ஒரு படி மேல. அங்க சொல்லே கிடையாது. துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. மாட்டுக்காரர் பக்கத்துல நின்னு துண்டு அசையுறதைப் பார்த்துக்கிட்டிருப்பார்.