காவல் நிலையம் எழுதாத கணக்கு



ஓர் எண்ணிலிருந்து தொடங்குவோம். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சுரேஷ் குமார் கௌஷல் வழக்கில் தீர்ப்பளித்தது. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 377 செல்லும் என்றது அத்தீர்ப்பு. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, 150 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் அப்பிரிவின் கீழ் வழக்குக்கு உள்ளானவர்கள் 200 பேருக்கும் குறைவு என்பது. காவல்துறை அப்பிரிவைக் காட்டி மிரட்டுகிறது, பணம் பறிக்கிறது, அடிக்கிறது என்ற முறையீட்டுக்கும் நீதிமன்றம் ஒரு பதில் வைத்திருந்தது: ஒரு சட்டம் தவறாகப் பயன்படுவதாலேயே அது செல்லாததாகிவிடாது.

200 என்பது தீர்ப்புத் தொகுப்புகளில் ஏறிய வழக்குகளின் எண்ணிக்கை. காவல் நிலையத்தின் கணக்கு வேறு. பூங்காவில் பிடிபட்டவனிடம் பணப்பையைப் பறித்துக்கொண்டு விரட்டினால் முதல் தகவல் அறிக்கை கிடையாது. லாக்கப்பில் வைத்து அடித்து, “வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்” என்று மிரட்டி அனுப்பினாலும் கிடையாது. வழக்கே போடாமல் வேலை முடிந்துவிடும் என்பதுதான் அந்தப் பிரிவின் பலம்.

சேரிக்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. வன்கொடுமைப் புகாரை வாங்க மறுப்பதையும், வாங்கினாலும் வெறும் அடிதடி வழக்காகப் பதிவதையும் தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கத் தனிப் பிரிவே வைத்திருப்பது இதனால்தான். வழக்கு இல்லை என்பதைக் கொடுமை இல்லை என்று வாசிக்கக் கூடாது என்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வரலாற்றுக்கு வருவோம். 377 ஆங்கிலேயர் 1860இல் எழுதிய சட்டத்தின் பிரிவு. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1871இல், குற்றப் பழங்குடியினர் சட்டம் வந்தது. அதன் முதல் பகுதி, சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. பின்னாளில் அந்த அடக்குமுறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை நம் மக்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது நமக்குத் தெரியும். அதே 1871 சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்ததை நம் மேடைகளில் அதிகம் பேசியதில்லை. வட மாகாணங்களில் ‘யூனக்’ என்று அரசு பெயரிட்டவர்களை, பெரும்பாலும் ஹிஜ்ராக்களை, பதிவேட்டில் ஏற்ற அது வழிசெய்தது. 377இன் குற்றத்தைச் செய்வதாகச் சந்தேகம் இருந்தாலே பதிவேட்டில் ஏற்றலாம். அப்படிப் பதிவானவர் பெண் உடையில் தெருவில் நின்றால் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறை.

பரம்பரைக் குற்றவாளி என்று ஒரு சமூகத்தை எழுதிய அதே பேனாதான் உடையையும் நடையையும் குற்றம் என்று எழுதியது. இரண்டிலும் செய்த செயலை நிரூபிக்கத் தேவையில்லை. ஆளைப் பார்த்தாலே போதும்.

1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கு இதற்குச் சாட்சி. கைராத்தி என்பவர் பெண் உடையில் பாடியதைக் கண்ட போலீஸ் சந்தேகத்தில் பிடித்தது. மருத்துவரிடம் அனுப்பி உடலைச் சோதிக்கச் செய்தது. அமர்வு நீதிமன்றம் தண்டித்தது. எந்த நாள், எந்த இடம், யாருடன் என்று குற்றப்பத்திரிகையில் ஒன்றுமே இல்லை. அதனால் உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுதலையாவதற்கு முன் அவருக்கு நடந்த அத்தனையும் தண்டனைதான்.

சுதந்திரம் வந்த பிறகும் இந்த நடைமுறை மாறவில்லை. டெல்லி கன்னாட் பிளேஸின் சென்ட்ரல் பார்க்கில் ஆண்களைச் சந்தேகத்தின் பேரில் போலீஸ் பிடித்துச் சென்றதை எதிர்த்து, 1992 ஆகஸ்டில் ஏபிவிஏ என்ற எய்ட்ஸ் பாகுபாடு எதிர்ப்பு அமைப்பு காவல் தலைமையகத்தின் முன் போராடியது. தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக இந்தியாவில் நடந்த முதல் பொதுப் போராட்டமாக அது பேசப்படுகிறது. 2001 ஜூலையில் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணி செய்த நால்வர் கைதாயினர். அவர்கள் வைத்திருந்த விழிப்புணர்வுப் பொருள்கள் ஆபாசம் என்று பறிமுதல் செய்யப்பட்டன. 47 நாள் சிறை. நோயைத் தடுக்கப் போனவர்களைச் சட்டம் உள்ளே வைத்தது.

சென்னையும் விலக்கல்ல. திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட ஒரு திருநங்கை, காவல் நிலையத்தில் பாலியல் சித்திரவதைக்கு ஆளாகித் தீக்குளித்து இறந்தார். குடும்பத்தார் தொடுத்த வழக்கில் 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. 2009 ஜூலை 2இல் டெல்லி உயர் நீதிமன்றம் நாஸ் பவுண்டேஷன் வழக்கில் 377இன் கொடுமையை விளக்கியபோது லக்னோவையும் சென்னையையும் சேர்த்தே சுட்டியது. பொது ஒழுக்கம் என்ற பெயரில் உரிமையைப் பறிக்க முடியாது, அரசியலமைப்பு ஒழுக்கமே அளவுகோல் என்று அத்தீர்ப்பு சொன்னது. அதற்கு நீதிபதிகள் துணைக்கு அழைத்தது அண்ணல் அம்பேத்கரை. அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையை. நான்கே ஆண்டுகளில் கௌஷல் தீர்ப்பு அதைக் கவிழ்த்தது. 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கௌஷலை ரத்து செய்து, வயதுவந்தோரின் மனமொப்பிய உறவு குற்றமல்ல என்றது. அப்போதும் அம்பேத்கரின் சொல் உடன் நின்றது.

அவருடைய சொல் அங்கே போயிருக்க, அவருடைய பிள்ளைகளாகிய நாம் எங்கே இருந்தோம்?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதித் தம்பி ஒருவர் எங்களிடம் வந்தார். இரவில் இன்னோர் ஆணோடு பேசிக்கொண்டிருந்தவரைக் காவலர்கள் பிடித்திருக்கிறார்கள். முதலில் ஊர் கேட்டார்கள். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னதும் அடி கூடியது. போனையும் பணத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். புகார் எழுதத் தெரிந்த நாங்கள் உட்கார்ந்து எழுதினோம். போன் பறிப்பு எழுதினோம், சாதி சொல்லித் திட்டியதை எழுதினோம். எதற்காகப் பிடித்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டோம். “அது வேணாம் தம்பி, கேஸ் நிக்காது” என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு எங்கள் கூட்டங்களுக்கு வரவில்லை. நீதிமன்றத்தின் கணக்கில் விடுபட்டவர்களில் ஒருவரை நாங்களே விடுவித்தோம்.

பூங்காவிலும் கழிப்பறையிலும் ரயில் நிலையத்திலும் பிடிபடுவது யார்? பூட்டிக்கொள்ளத் தனி அறை இல்லாதவர். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டிலிருந்து வருபவர். வழக்கறிஞரைத் தெரியாதவர். இந்தப் பிரச்சினை மேல்தட்டுக்காரர்களுடையது என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். போலீஸ் லத்தி அப்படிச் சொல்லவில்லை.

2021 ஜூன் 7இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னை வந்த இரு பெண்களின் வழக்கில் விரிவான கட்டளைகள் இட்டார். தம் மனத்தடைகளைப் புரிந்துகொள்ள உளவியல் நிபுணர் ஒருவரிடம் அமர்ந்து பேசியதையும் அவர் மறைக்கவில்லை. பெற்றோர் ‘காணவில்லை’ என்று கொடுக்கும் புகாரில், சம்பந்தப்பட்டவர்கள் வயதுவந்தவர்கள், மனமொப்பிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்று, துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும் என்றார். இதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது. பால்புதுமையினரையும் அவர்களுக்காக உழைப்போரையும் காவலர் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. சாதி ஆணவத்துக்கு அஞ்சி ஓடிவரும் காதலர்களைக் காவல் நிலையம் பெற்றோரிடம் பிடித்துக் கொடுப்பதை எதிர்த்து நாம் எத்தனை முறை நின்றிருக்கிறோம்! அந்த விதி நம் கைக்கும் உரிய ஆயுதம்.

ஆனால் ஓட்டைகள் உண்டு. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 முழுமையாகவே இல்லை. மனமொப்பாத வன்முறைக்கு 2018க்குப் பிறகும் எஞ்சியிருந்த பாதுகாப்பும் அதோடு போயிற்று. வல்லுறவுப் பிரிவு பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கொள்கிறது. லாக்கப்பில் ஓர் ஆணுக்குப் பாலியல் கொடுமை நடந்தால் அதன் பெயரைச் சொல்லி வழக்குப் பதியப் பிரிவு இல்லை. எழுதப்படாத கணக்கு இன்னும் நீள்கிறது.

எனவே மாணவத் தோழர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஒருவர் வந்தால், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எதற்காகப் பிடித்தார்கள், என்ன சொல்லித் திட்டினார்கள், எந்தத் தெரு என்று கேட்டார்கள் என எல்லாவற்றையும், அவர் சம்மதித்தால், ஒரே மனுவில் எழுதுங்கள். 24-சியையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் அடுத்தடுத்த வரியில் குறிப்பிடுங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு நிற்குமா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அவர் பக்கத்தில் நாம் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.