நுகர்வோர் விருப்ப வேறுபாடு: அளவீட்டு முறைகளின் வரலாறு

ஒரே பொருளுக்கு ஆளாளுக்கு ஒரு தொகை கொடுக்க முன்வருவர். இதைப் பொருளியல் கணக்குக்குள் கொண்டுவந்த முன்னோடி, பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்புய். பாலத்தின் பயனைச் சுங்க வசூலால் அளக்க முடியாது என்று 1844-இல் அவர் வாதிட்டார். சுங்கம் கட்டிக் கடப்பவர்களில் பலர் இன்னும் கூடுதலாகவே கொடுத்திருப்பர். கட்ட முடியாமல் திரும்புபவருக்கும் அப்பாலத்தால் ஏதோ ஒரு மதிப்பு உண்டு. ஆனால் பிற்காலத் தேவைக் கணிப்புகள் நெடுநாள் சராசரி நுகர்வோரையே நம்பின. ஆட்களுக்கிடையிலான வேறுபாட்டைப் பிழை என்று ஒதுக்கின. அந்தப் பிழைக்குள்தான் ஆராய வேண்டிய செய்தி இருந்தது.

மனிதத் தீர்ப்பின் ஏற்ற இறக்கத்தை நிகழ்தகவாகக் காணலாம் என்று உளவியலாளர் தர்ஸ்டன் 1927-இல் காட்டினார். அவ்வழியே வந்த, ஒருவர் எந்தத் தெரிவைத் தேர்வார் என்பதன் நிகழ்தகவைக் கணிக்கும் பொருளியலாளர் டேனியல் மெக்ஃபாடனின் லாஜிட் முறை 1974-இல் வெளியானது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் திறக்கவிருந்த 'பார்ட்' ரயிலில் 15% பயணிகள் செல்வர் என்றது அரசுத் தரப்பு. மெக்ஃபாடன் குழு 6.3% என்றது, நடந்தது 6.2%. இவ்வளவு நெருக்கத்தில் அதிர்ஷ்டமும் உண்டு என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். முறையின் குறை வேறிடத்தில் இருந்தது. பாதிப்பேர் காரிலும் பாதிப்பேர் சிவப்புப் பேருந்திலும் செல்லும் ஊரில், அதேபோன்ற நீலப் பேருந்து ஒன்றை விட்டால், மூன்றுக்கும் சமபங்கு என்கிறது லாஜிட். உண்மையில் பேருந்துக்காரர்களே இரண்டாகப் பிரிவர், கார்க்காரர்கள் அசையமாட்டார்கள். பேருந்தை விரும்புவோர் தனி வகையினர் என்பதை அந்தச் சூத்திரம் அறியாததே காரணம்.

1980-இல் கார் சந்தை ஆய்வுகளில் தோன்றிய கலப்பு லாஜிட் இந்தக் குறையைத் தீர்த்தது. விலை, எரிபொருள் சிக்கனம் போன்றவற்றுக்கு ஒவ்வொருவர் தரும் எடையும் ஒரு பரவலிலிருந்து வருவதாக அது கொண்டது. தனிநபர் தரவு இல்லாமல் மொத்த விற்பனையிலிருந்தே அப்பரவலை மதிப்பிட, பொருளியலாளர்கள் பெரி, லெவின்சோன், பேக்ஸ் மூவரும் 1995-இல் வழிகண்டனர். பரவலின் வடிவத்தை ஆய்வாளரே ஊகிக்கிறார் என்ற மறுப்பு நியாயமானது. இருபுறமும் விரியும் இயல்நிலைப் பரவலை விலைக்குத் தரும் எடைக்குப் பொருத்தினால், விலை ஏற ஏற மகிழும் சிலரைக் கணக்கு கற்பித்துவிடும். ஆனாலும் சராசரியும் ஓர் ஊகமே. எல்லாரும் ஒருவரே என்னும் ஊகம். கொடுக்கும் தொகையின் பரவலையே நேரடியாக மதிப்பிடும் முறையை 2005-இல் டிரெய்னும் வீக்ஸும் முன்வைத்தபின், நம்பத்தகாத ஊகங்களைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கொடுக்கும் விருப்பத்தில் கொடுக்கும் சக்தியும் கலந்திருக்கிறது. ஏழையின் குறைந்த தொகை குறைந்த தேவையைக் காட்டாது. எனவே வருமானவாரியாகப் பரவலைக் காட்டாமல் ஒற்றைச் சராசரியை மட்டும் தரும் ஆய்வு, பொதுப் போக்குவரத்துக் கட்டணம் நிர்ணயிக்கப் போதாது.