பன்னீர் சொல்லும் வரலாறு



நிக்காஹ் மஜ்லிஸில் பன்னீர் தெளித்து விருந்தினரை வரவேற்பது நம் வழக்கம். அந்தப் பன்னீரின் வரலாற்றைக் கற்பிப்பதில் நாம் பல்லாண்டுகள் ஒரு பிழை செய்து வந்தோம். “மலர்களை ஆவியில் வடிக்கும் கலையைக் கண்டுபிடித்தவர் இப்னு ஸீனா” என்றே மதரஸாவில் சொல்லி வந்தோம். ஒரு நாள் மாணவர் ஒருவர், “உஸ்தாத், அவருக்கு முன்னர் பன்னீரே இல்லையா?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. தேடிப் படித்தோம்.

இப்னு ஸீனா வாழ்ந்த காலம் கி.பி. 980 முதல் 1037 வரை. அதற்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தியின் பெயரால் நறுமணக் கலை குறித்த நூல் ஒன்று வழங்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வடிகலன்கள் இருந்தன. கிரேக்கரின் ‘அம்பிக்ஸ்’ அரபியில் ‘அல் அன்பீக்’ ஆயிற்று. ஐரோப்பியர் அதனை ‘அலெம்பிக்’ என்றனர்.

அப்படியாயின் முஸ்லிம்களின் பங்கு யாது? பிறரிடம் கற்றதைப் பேணி, வளர்த்து, பெருந்தொழிலாக்கினர். பாரசீகத்தின் ஜூர் நகரமும் சிரியாவின் திமிஷ்கும் பன்னீரால் புகழ் பெற்றன.

இக்கலையை நம் வீட்டிலேயே காணலாம். பானையில் நீரும் நாட்டு ரோஜா இதழ்களும் இட்டு, நடுவே ஒரு சிறு மேடை வைத்து, அதன்மீது கிண்ணத்தை வையுங்கள். மூடியைக் கவிழ்த்து மூடி, மேலே பனிக்கட்டி இட்டு, இளந்தீயில் காய்ச்சுங்கள். எழும் ஆவி குளிர்ந்த மூடியில் பட்டு நீராகிக் கிண்ணத்தில் சொட்டும். அதுவே பன்னீர். நீர் வற்றுமுன் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

எண்ணெயை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட மலர்கள் வேண்டும். பெருமளவில் பன்னீர் வடித்தபோதுதான் நூர்ஜஹானின் தாயார் அதன்மேல் மிதந்த மெல்லிய ஏட்டைக் கண்டு, சிறுகச் சிறுகத் திரட்டினார் என்று பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அந்த அத்தருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பினார்கள். அன்பளிப்பாக வந்த நறுமணத்தை மறுக்கமாட்டார்கள். அவர்கள் நமக்குக் கற்பித்த வாய்மை வரலாற்றிற்கும் பொருந்தும். இல்லாத பெருமையை ஒருவருக்குச் சூட்டினால், உழைத்த மற்றொருவரின் உரிமை பறிபோகிறது. இப்போது வகுப்பில் அல் கிந்தியையும், அலெக்சாந்திரியரையும், அந்தத் தாயாரையும் சேர்த்தே கற்பிக்கிறோம். கேள்வி கேட்ட அம்மாணவருக்காக துஆச் செய்கிறோம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.