லெனொக்ஸ் லூயிசின் பயிற்சியாளர் மாற்றம்

1994 செப்டம்பர் 24 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த ஹெவிவெயிட் போட்டியில், டபிள்யூ.பி.சி. பட்டத்தை வைத்திருந்த பிரித்தானிய வீரர் லெனொக்ஸ் லூயிஸ் இரண்டாம் சுற்றிலேயே வீழ்ந்தார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அவருக்கு அது முதல் தோல்வி. வென்ற அமெரிக்கர் ஆலிவர் மெக்கால், மைக் டைசனுடன் பயிற்சிச் சண்டை செய்தவர் என்ற அளவிலேயே அதுவரை பெரிதும் அறியப்பட்டிருந்தார். எழுந்து நின்ற லூயிஸ் தள்ளாடியதைக் கண்டு நடுவர் போட்டியை நிறுத்தினார். அந்த முடிவு அவசரமானது என்று லூயிஸ் தரப்பு வாதிட்டது.

வாதம் எப்படியிருந்தாலும், குறை வெளிப்பட்டுவிட்டது. 196 செ.மீ. உயரமும் நீண்ட கைகளும் கொண்ட லூயிஸ், 1988 சியோல் ஒலிம்பிக்கில் ரிடிக் போவை வென்று தங்கம் பெற்றவர். தொழில்முறைக்கு வந்தபின் தன் வலக்கைக் குத்தையே அளவுக்கு மீறி நம்பினார். அதை வீசும்போது உடல் முன்னோக்கிச் சாய்ந்தது; முகத்தைக் காக்க வேண்டிய இடக்கை கீழிறங்கியது. அன்று இருவரும் ஒரே நேரத்தில் வலக்கையை வீசினார்கள். மெக்காலின் குத்து முதலில் சேர்ந்தது. இது தற்செயலன்று. மெக்காலின் பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்ட் அந்தப் பழக்கத்தைக் கவனித்து, அதற்கேற்பவே தம் வீரரைத் தயார்செய்திருந்தார்.

லூயிஸ் தம் பயிற்சியாளர் பெப்பே கொரேயாவை நீக்கினார். தோற்ற வீரர்கள் பலரும் செய்வதுதான் இது. சுற்றுகளுக்கு நடுவே பயிற்சியாளருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அந்த இரவில் அதுவும் ஒரே முறைதான் கிடைத்தது. ஆகவே பழி முழுவதையும் கொரேயா மீது போடுவது நியாயமாகாது. ஆனால் அடுத்து லூயிஸ் செய்தது அரிது. தம்மை வீழ்த்தத் திட்டமிட்ட ஸ்டூவர்ட்டையே அழைத்துக்கொண்டார்.

ஸ்டூவர்ட் முன்பு மின்பணியாளராக இருந்தவர். டெட்ராயிட் நகரின் குரோங்க் பயிற்சிக்கூடத்தில் தாமஸ் ஹெர்ன்ஸ் போன்ற உலகச் சாம்பியன்களை உருவாக்கியவர். லூயிசின் கால்நிலையையும் சமநிலையையும் சீராக்கினார். இடக்கையை நீட்டிக் குத்தும் 'ஜாப்'பால் எதிராளியைத் தொலைவில் நிறுத்தி, அதன்பின் வலக்கையை வீசக் கற்பித்தார். பலன் உடனே கிடைத்துவிடவில்லை. 1996 மே மாதம் ரே மெர்சருடன் நடந்த போட்டியில் லூயிஸ் புள்ளிகளில் தட்டுத்தடுமாறித்தான் வென்றார்.

1997 பிப்ரவரி 7 அன்று லாஸ் வேகாசில் மெக்காலை மறுபடி சந்தித்தார். அது விசித்திரமான போட்டி. மெக்கால் சண்டையிட மறுத்து வளையத்துக்குள்ளேயே அழுதார். ஐந்தாம் சுற்றில் நடுவர் நிறுத்தினார். பட்டம் திரும்பியது. 1999 நவம்பரில் இவாண்டர் ஹோலிஃபீல்டை வென்று லூயிஸ் மறுக்கப்படாத சாம்பியனானார்.

2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ஹசீம் ரஹ்மானிடம் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்தார். அதுவும் ஒரே வலக்கைக் குத்துதான். இம்முறை பயிற்சியாளரை மாற்றவில்லை. போதிய தயாரிப்பின்றிக் கடல்மட்டத்திலிருந்து மிக உயர்ந்த இடத்தில் சண்டையிடச் சென்றது அவருடைய சொந்தத் தவறு. ஏழு மாதம் கழித்து, ஸ்டூவர்ட் துணைநிற்க, ரஹ்மானை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். 2002 சூன் 8 அன்று டைசனை எட்டாம் சுற்றில் வென்றபோதும் அதே மனிதர்தான் அவருடைய மூலையில் இருந்தார். 2004-இல் லூயிஸ் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில், முந்தைய ஆண்டு கோரி சாண்டர்சிடம் தோற்றிருந்த விளாடிமிர் கிளிச்கோ, ஸ்டூவர்ட்டிடம் பயிற்சி பெறத் தொடங்கினார்.